மாணிக்கம் சன் ஆஃப் துரைசாமி

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் ஆபீஸ் பிள்ளைகள் உங்களோடு உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்தபோது, உங்களில் ஒருவர் என்னிடம் பிராது கொடுத்தார். மருந்துப் பொட்டலத்தில் ஒட்டும் லேபிளுக்கென்று நாம் மென்பொருளில் வார்ப்பாக எழுதி வைத்திருக்கும் கிளாஸ் பொல்லாத கிளாஸாம். ஒரு லேபிளை உருவாக்கப் போனால் அதைப் பிறப்பிக்கும் கன்ஸ்ட்ரக்டர் முதலில் பெயர் கேட்கிறதாம், தந்தை பெயர் கேட்கிறதாம், பிறந்த தேதி கேட்கிறதாம். ஒன்று குறைந்தாலும் நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் கதவைச் சாத்திவிடுகிறதாம்.

"சும்மா ஒரு காலி லேபிளை உருவாக்கிட்டு, அப்புறமா ஒண்ணொண்ணா நிரப்பினா என்னக்கா? செந்தில் சார்கிட்ட கேட்டா, விஜயா அக்காகிட்ட போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டு நழுவிடறாரு."

செந்தில் ஏன் நழுவுகிறான் என்று எனக்குத் தெரியும். இன்று உங்களையெல்லாம் மிரட்டி வேலை வாங்கும் அந்தத் தலைவன் ஒருநாள் ஆபீஸ் செருப்போடு டாக்சிக்கு ஓடப் பார்த்த கதை அது. அவன் சொல்ல மாட்டான், நான் சொல்கிறேன். எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டீர்கள், இனி என்னை யார் என்ன செய்துவிட முடியும்?

அப்போது ஜூரோங் ஈஸ்ட்டில் நம் ஆபீஸ் இப்போதைய அளவில் பாதிகூட இல்லை. வேலை இதே வேலைதான். நோயாளிக்குக் காலையில் என்ன மாத்திரை, பகலில் என்ன, இரவில் என்ன என்று மருந்தகத்தார் சின்னச் சின்ன உறைகளில் பிரித்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாக்கி, வீட்டுக்கே வேனில் அனுப்புவார்கள். அந்தப் பொட்டலத்தின்மேல் ஒட்டும் லேபிளும், உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறைமேல் வரும் பெயரும் நம் மென்பொருளிலிருந்து போகும்.

பழைய மென்பொருளில் நீங்கள் ஆசைப்படுகிற மாதிரிதான் இருந்தது. முதலில் ஒரு காலி லேபிள் பிறக்கும். பிறகு ஒருவர் பெயரை நிரப்புவார், இன்னொருவர் முகவரியை நிரப்புவார். நடுவில் ஒருவர் மறந்தால் அது காலியாகவே அச்சாகும். ஒருநாள் பெயரே இல்லாத லேபிள் ஒன்று பொட்டலம் கட்டும் மேசைவரை வந்துவிட்டது. அங்கிருந்த நர்ஸ் பிடித்துக்கொண்டார், தப்பித்தோம். அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். பெயர் இல்லாத லேபிள் என்ற ஒன்று இந்த மென்பொருளுக்குள் பிறக்கவே கூடாது. கன்ஸ்ட்ரக்டரே வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கட்டும், தராதவன் வீட்டுக்குப் போகட்டும். இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள் தேவைப்பட்டன. சீனர்களுக்கும் இன்னும் பலருக்கும் முழுப்பெயர் ஒன்றே போதும், அவர்களுக்கு ஒன்று. நம் ஆட்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் பெயரோடு தந்தை பெயரும் வேண்டும், அவர்களுக்கு இன்னொன்று. இந்த இரண்டாவதை எழுதியவன் செந்தில். அப்போதுதான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். நல்ல வேலைக்காரன், வாய்தான் கொஞ்சம் குறைவு. அவனுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம் இனிஷியல். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், தன் பெயர் பின்னால். அதனால் கன்ஸ்ட்ரக்டர் கேட்டு வாங்கும் பாராமீட்டர்களிலும் தந்தை பெயரை முதலாவதாகவும் சொந்தப் பெயரை இரண்டாவதாகவும் வைத்தான். அந்தக் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் பகுதியை எழுதியவள் நூருல். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அவளுக்கு அடையாள அட்டையில் இருப்பதுபோல் முதலில் பெயர், பிறகு தந்தை பெயர். அப்படியே அனுப்பினாள். இரண்டு பேர் செய்ததும் அவரவர் பழக்கத்தில் சரிதான். கம்பைலருக்கு இரண்டும் வெறும் எழுத்துச் சரம். எது முன்னால் வந்தால் அதற்கென்ன?

சோதனையில் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். சோதனைக்கு அப்போதிருந்த பெயர்கள் டெஸ்ட் ஒன், டெஸ்ட் டூ. டெஸ்ட் டூ மகன் டெஸ்ட் ஒன் என்று வந்தாலும், மாறி வந்தாலும் யாரும் பதறப் போவதில்லை.

புது மென்பொருள் ஓடத் தொடங்கிய முதல் நாள் காலை. வேன்கள் கிளம்பிவிட்டன. செம்பவாங்கிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். கப்பல்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டதால் என்னிடம் கொடுத்தார்கள்.

"ஏம்மா, எங்க அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு. இன்னைக்கு அவரு பேருக்கு மருந்து அனுப்பியிருக்கீங்க. அவருக்கு இனிமே எந்த வியாதியும் வராதும்மா."

நானும் சிரித்துவிட்டேன். மருந்து அவருடையதுதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது என்று சொல்லி, உறையில் இருந்த மாத்திரைகளின் பெயரைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்து, மன்னிப்புக் கேட்டு வைத்தேன். செந்திலையும் நூருலையும் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்திலேயே விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், எதற்கும் பதறாதவர்.

"பேர் மட்டும்தானே முன்ன பின்ன வருது? சின்ன விஷயம்லா, விஜயா. மருந்து சரியான வீட்டுக்குத்தான் போகுது. சாயங்காலம் சரிபண்ணிடலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் பாதி ஆட்டிவிட்டேன். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. செத்துப்போன அப்பாவின் பெயரில் மருந்து வந்தால் அது வேடிக்கை. அந்தப் பெயரில் அதே வீட்டில் உயிரோடு ஒருவர் இருந்தால்?

மேலாளருக்குச் சொன்னேன். எங்கள் ஆட்களில் நிறையப் பேர் தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். துரைசாமியின் மகன் மாணிக்கம். மாணிக்கத்தின் மகனுக்குத் தாத்தா பெயர், அவனும் துரைசாமி. இப்போது அப்பா மாணிக்கம் சன் ஆஃப் துரைசாமி, மகன் துரைசாமி சன் ஆஃப் மாணிக்கம். நம் மென்பொருள் முன்பின்னாகப் போட்டால் அப்பா மருந்தில் மகன் பெயர் வரும், மகன் மருந்தில் அப்பா பெயர் வரும். எழுத்துப்பிழைகூட இருக்காது. அடையாள எண்ணின் கடைசி எழுத்துகள் மூலையில் இருக்கின்றன, மாத்திரையின் பெயர் பொடி எழுத்தில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் யார் அதைப் படிக்கப் போகிறார்கள்? பெயரைப் பார்ப்பார்கள், எடுத்து விழுங்குவார்கள்.

மேலாளர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "எல்லா வேனையும் நிறுத்திடவா?" என்று கேட்டார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பயந்தவனுக்கு முதலில் தோன்றுவது எல்லாவற்றையும் நிறுத்துவது. நிறுத்தினால் நமக்கு நிம்மதி. ஆனால் பகல் மருந்துக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு யார் பதில் சொல்வது? நான் வேண்டாம் என்றேன். முழுப்பெயர் மட்டும் இருக்கும் லேபிள்கள் சரியானவை, அவை போகட்டும். தந்தை பெயர் இருப்பவை மட்டும் வேனிலேயே இருக்கட்டும், அந்த வீட்டுக்கு நாங்கள் தொலைபேசியில் சொன்ன பிறகு கொடுக்கட்டும். ஏற்கெனவே வீடு போய்ச் சேர்ந்தவற்றில், ஒரே முகவரியில் ஒருவர் பெயர் மற்றவரின் தந்தை பெயராகவும், தந்தை பெயர் மற்றவரின் பெயராகவும் இருக்கும் வீடுகளை நூருல் தேடிக் கொடுக்கட்டும். அந்த வீடுகள்தான் இப்போது அவசரம். மேலாளர் மறுபேச்சுப் பேசாமல் வேன் ஓட்டுநர்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தார். அதற்காகவே அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள்தான் வந்தன. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டோம். ஒரு வீட்டில் பொட்டலம் பிரிக்கவே இல்லை. இன்னொரு வீட்டில் பேர் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டுவதற்காகவே காத்திருந்தார்கள். சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். கடைசியாக புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீடு. நான் மேலாளருக்கு உதாரணமாகச் சொன்ன பெயர்கள் இந்த வீட்டுப் பெயர்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர்களை மாற்றிவிட்டேன், முறையை மாற்றவில்லை. மாணிக்கத்தின் மனைவி சாரதா ஃபோனை எடுத்தார்.

"பார்சல் காலையிலேயே வந்துருச்சே. ரெண்டு பேருதையும் பேர் பார்த்துப் பிரிச்சு வச்சிட்டேன்."

"சார் வீட்டுல இருக்காங்களா?"

"இல்லையே, அவரு பஸ் கேப்டன். பஸ் ஓட்டப் போயிட்டாரு. சாப்பிட்டதும் போடறதுக்குப் பகல் மாத்திரையைப் பையில வச்சு அனுப்பினேன். ஏன் கேக்கறீங்க?"

மகன் துரைசாமிக்கு வலிப்பு மருந்து. அவன் சாங்கியில் விமானச் சரக்குப் பகுதியில் வேலை செய்தான். பழைய பொட்டலத்தில் மீதி இருந்ததை எடுத்துக்கொண்டு போயிருந்தான், புதியதை இரவுதான் தொடுவான் என்றார் சாரதா. அவனுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த வலிப்பு மருந்து பழக்கமில்லாத உடம்பில் போனால் தூக்கம் கண்ணைக் கட்டும். அதை இப்போது பையில் வைத்திருப்பவர் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகப் போகிறவர்.

பயப்படாதீர்கள் என்று சாரதாவிடம் நான் சொல்லவில்லை. "பேர் மாறிப் போச்சும்மா, தப்பு எங்களோடது. உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கறது உங்க பையன் மருந்து. அவர் அதைச் சாப்பிடக் கூடாது. விடாம அவருக்கு ஃபோன் அடிச்சுக்கிட்டே இருங்க" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் அழவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டாரே, பகல் சாப்பாட்டுக்கு புக்கிட் பாத்தோக் பஸ் நிலையத்துக்குத்தான் வருவார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பஸ் நிறுவனத்தின் எண்ணில் ஒரு பதிவுக்குரல், காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டது. மேலாளர் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க ஒப்புக்கொண்டார். புக்கிட் பாத்தோக் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினால் செந்தில் ஆபீஸ் செருப்போடு வாசலில் நிற்கிறான்.

"அக்கா, நான் எழுதின கன்ஸ்ட்ரக்டர்க்கா அது."

"யார் எழுதினதுன்னு அப்புறம் பேசலாம். செருப்பை விட்டுட்டு ஷூவைப் போடு. ஓட வேண்டியிருக்கும்."

டாக்சியில் நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஆறுதல் சொல்வது சொல்பவருக்குத்தான் சுகம்.

பஸ் நிலைய அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி பலகையைப் பார்த்துவிட்டு, மாணிக்கத்தின் பஸ் ஏற்கெனவே வந்துவிட்டது, சாப்பாட்டு நேரம், உள்ளே கேண்டீனில் இருப்பார் என்றார். அனுமதி கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் செந்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பின்னாலேயே நானும்.

மூலை மேசையில், காலியான டிபன் டப்பாவுக்கு முன்னால் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஃபோன். இன்னொரு கையில் கிழித்த உறை. ஃபோனில் மனைவியோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"என் பேருதானே போட்டிருக்கு, சாரதா. மாணிக்கம் சன் ஆஃப் துரைசாமி. யாரோ ஃபோன் பண்ணி என்னமோ சொன்னா நம்பிடறதா? இந்தக் காலத்துல எவ்வளவு ஸ்கேம் நடக்குது."

செந்தில் நேரே போய் அந்த உறையின்மேல் கையை வைத்து மூடினான். "அண்ணே, அதைச் சாப்பிடாதீங்க. பேரு உங்க பேருதான். மாத்திரை உங்க பையனோடது."

மாணிக்கம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கழுத்திலிருந்த ஆபீஸ் அட்டையைப் பார்த்தார். உறையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பொடி எழுத்தைப் படித்தார். பிறகு மெதுவாக மேசைமேல் வைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றியது இல்லை.

"அப்ப என் பையன் என்னோடதைச் சாப்பிட்டுட்டானா?"

இல்லை, அவன் புதியதைத் தொடவில்லை என்று சொன்னேன். அவர் மனைவிக்கு விஷயத்தைச் சொல்லி ஃபோனை வைத்தார். பிறகு சொன்னார்: "அவனுக்கு எங்க அப்பா பேரைத்தான் வைக்கணும்னு நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். சாரதாவுக்கு வேற பேர்மேல ஆசை. அவ சொன்னதைக் கேட்டிருந்தா இந்தக் குழப்பம் வந்திருக்காது."

நாங்கள் செய்த வேலைக்கு இந்த மனிதர் தன் அப்பாவின் பெயரில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வாய் குறைந்த செந்தில்தான் பேசினான்.

"பேர்ல ஒரு தப்பும் இல்லண்ணே. ஊர்ல என் பையனுக்கும் எங்க அப்பா பேருதான். தப்பு நான் எழுதினதுல. இன்னைக்கே மாத்திடறேன்."

மேலாளரின் ஏற்பாட்டில் மாணிக்கத்தின் சரியான மருந்தை ஒரு வேன் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் பஸ்ஸை எடுத்தார். நாங்கள் ரயிலில் திரும்பினோம்.

பிற்பகல் கூட்டத்தில் மேலாளர் கேட்டது நீங்கள் கேட்டதேதான். பழையபடி காலி லேபிளுக்கே போய்விடலாமா? அதில் பெயர், தந்தை பெயர் என்று தனித்தனியாகச் சொல்லி நிரப்புவதால் வரிசை மாறாதே. நான் முடியாது என்றேன். வரிசை மாறாது, ஆனால் பெயரே இல்லாத லேபிள் மறுபடி பிறக்கும். ஓட்டைக் குடத்துக்குப் பயந்து உடைந்த குடத்தை யாராவது வாங்குவார்களா? கன்ஸ்ட்ரக்டர் கேட்பது சரி. தன்னிடம் தருவது என்னவென்று அதற்குத் தெரியவில்லை, அதுதான் குறை. அன்று செந்தில் சொந்தப் பெயருக்கு ஒரு கிளாஸ், தந்தை பெயருக்கு இன்னொரு கிளாஸ் என்று பிரித்தான். இப்போது மாற்றி அனுப்பினால் கம்பைலரே ஏற்காது, நீங்கள் எந்த ஊர்ப் பழக்கத்தில் இருந்தாலும் சரி. டெஸ்ட் ஒன்னும் டெஸ்ட் டூவும் போய், சோதனையில் ஓர் அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் குடியேறினார்கள்.

அப்படியானால் பிறந்த தேதி எதற்கு என்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற்ற புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "லேபிள் மேடம்" என்று பின்னால் ஒரு குரல். மாணிக்கம். முடி நரைத்திருந்தது, முகம் பூரித்திருந்தது. பேரன் பிறந்திருக்கிறானாம். ஃபோனில் படம் படமாகக் காட்டினார். எல்லாரும் அதே புக்கிட் பாத்தோக் வீட்டில்தான் இருக்கிறார்களாம்.

"என்ன பேரு வச்சிருக்கீங்க?"

"இதைக் கேக்கணுமா மேடம்? என் பேருதான்லா. துரையே வச்சிட்டான், நான் ஒண்ணும் சொல்லல."

வாழ்த்துச் சொன்னேன். அவர் சந்தோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் போன பிறகு, மீன்காரர் பையை நீட்டிக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. பேரன் மாணிக்கம், அவன் அப்பா துரைசாமி. மாணிக்கம் சன் ஆஃப் துரைசாமி. தாத்தாவும் மாணிக்கம் சன் ஆஃப் துரைசாமி. அதே வீடு. வரிசை சரியாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே லேபிள்தான் வரும்.

மீன் பையோடு அங்கேயே நின்று செந்திலைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடித்ததும் அவனே வழியைச் சொன்னான்.

"பிறந்த தேதியையும் சேர்க்கணும்க்கா. லேபிள்ல பேருக்குக் கீழேயே பெரிசா."

"அப்புறமா நிரப்பிக்கலாம்னு விட்டுடாதே. கன்ஸ்ட்ரக்டர்லயே கேளு."

"இதை எனக்கு நீங்க சொல்லணுமாக்கா?"

உங்களுக்குத் தொல்லையாகத் தெரிகிற பாராமீட்டர் அதுதான். கேட்டது கிடைக்காமல் அந்த லேபிள் பிறக்க மறுக்கும்போது எரிச்சல் வரும், வரட்டும். போன வாரம் மாணிக்கம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பொட்டலங்கள், ஒன்றில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரை, மற்றதில் குழந்தைக்கான சொட்டு மருந்து. இரண்டின்மேலும் ஒரே பெயர், கீழே கொட்டை எழுத்தில் வேறு வேறு பிறந்த தேதி. கூடவே ஒரு குரல் செய்தி:

"ரெண்டும் சரியா வந்துருச்சு மேடம். எது பெரிய மாணிக்கத்தோடது, எது சின்ன மாணிக்கத்தோடதுன்னு சாரதா கண்ணாடி போடாமலே எடுத்து வச்சிட்டா."